லேபிளைப் படித்தவர்

டியோடரன்ட் ஸ்ப்ரேக்கு முழுக்குப் போட்டுவிட்டு, மருமகள் தானே இயற்கையாக ஒரு க்ரீம் செய்து ஃப்ரிட்ஜில் வைத்திருந்தாள். ஒரே வாரத்தில் டப்பா காலி.

"நான்தாம்மா காலி பண்ணினேன்," என்றார் மாமனார்.

அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஸ்ப்ரேயை விடவே மாட்டேன் என்றவராயிற்றே!

"அரிப்பு, எரிச்சல் ஏதாவது இருக்கா மாமா? சிலருக்கு ஒத்துக்காதுன்னு சோடா உப்புகூடச் சேர்க்கல."

"ஒண்ணுமில்லம்மா. வயிறு லேசாத்தான் இருக்கு."

"வயிறா?"

"பிரட்ல தடவித்தானே சாப்பிட்டேன்! லேபிளைப் படிக்காம எதையும் தொடாதீங்கன்னு நீதானே சொல்வே? படிச்சேன். தேங்காய் எண்ணெய், சோள மாவு, தேன்மெழுகு. எல்லாம் நல்ல சாமான். அடுத்த தடவை கொஞ்சம் இனிப்பு மட்டும் போடும்மா."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு டப்பாவைத் திருப்பினாள். சேர்த்ததையெல்லாம் ஒன்று விடாமல் எழுதியிருந்தாள். அக்குளில் தடவ என்று மட்டும் எழுதவில்லை.