மரகதம்மா நல்லவளா?

"அவ பொம்பளையே இல்ல, பேயி" என்றாள் பாப்பாத்தி.

அக்கம்பக்கத்துக்காரி யாரையும் சொல்லவில்லை. டிவி சீரியலில் வருகிற மரகதம்மாவைச் சொன்னாள். சின்னசேலம் பக்கத்து ஜவ்வரிசி மில்லில் மரவள்ளிக் கிழங்குக் குவியலைச் சுற்றி உட்கார்ந்து தோல் சீவுகிற பெண்களுக்கு இரண்டு மாதமாக இதே பஞ்சாயத்துதான்.

அந்த மரகதம்மா யார், எங்கிருந்து வந்தாள் என்று இன்னும் காட்டவில்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசினதில்லை. தினமும் பொழுது சாய்ந்தால் மாடிக்குப் போவாள். யாழினி என்கிற பெண் இருக்கிற அறையை வெளியே பூட்டிவிட்டு இறங்கி வருவாள். அவ்வளவுதான். அதற்கே மில்லில் இரண்டு கட்சி.

"இன்னாக்கா இப்டி சொல்றீங்க?" நிர்மலா விடவில்லை. "தோட்டத்துல ஒரு நெழலு சுத்திக்கினு இருக்குதே, பாக்கலியா? அதுகிட்ட பொண்ணு மாட்டிக்கக் கூடாதுன்னுதான் பூட்டறா. நல்லதுக்குத்தான்க்கா."

"நல்லதுக்குன்னா சாவிய அந்தப் பொண்ணு கையில குடுக்கட்டுமே. உள்ளருந்து தாழ்ப்பா போட்டா அது காவலு. வெளியருந்து பூட்டுனா அதுக்குப் பேரு ஜெயிலு."

பாப்பாத்தி வாயைத் திறந்தால் வக்கீலே கும்பிடு போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

"சீரியல்ல கெட்டவ யாருன்னு வூட்ல போய் பாத்துக்கலாம்" என்றார் மேஸ்திரி பாவாடை. "இங்க கெழங்குல கெட்டது எதுன்னு பாருங்கம்மா."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் நிர்மலாவின் போன் அடித்தது. எடுத்துப் பேசியவளின் முகம் சுருங்கிவிட்டது.

"அக்கா, எங்க வூட்டுக்காரரு பேசறாரு. ஒங்க வூட்டாண்ட ஒரு பைக் நின்னுதாம். எவனோ ஹெல்மெட்டக் கூட கழட்டாம ஜன்னல் பக்கமா சுத்திக்கினு இருந்தானாம். இவரு ரோட்டுலருந்து கொரல் குடுத்ததும் வண்டிய எடுத்துக்கினு ஓடிட்டானாம்."

பாப்பாத்தியின் கையிலிருந்து கத்தி நழுவிக் குவியலில் விழுந்தது.

"வூட்ல யாருக்கா இருக்கா?"

"எழிலு மட்டுந்தான்."

"காலேஜிக்குப் போவலியா?"

"ஒடம்பு சரியில்ல. பத்து நாளா வூட்லதான் கெடக்கறா."

"போன் போட்டு ஜாக்கிரதையா இருக்கச் சொல்லுங்கக்கா."

"அவகிட்ட போன் இல்லடி."

புருஷன் பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தான். வீட்டில் வேறு துணை கிடையாது. பாப்பாத்தி எழுந்து முந்தானையை உதறிக்கொண்டாள்.

"மொதல்ல கெளம்புமா" என்றார் மேஸ்திரி. "வயசுப் பொண்ணு. காலம் கெட்டுக் கெடக்குது."

"நானும் வரட்டாக்கா?" என்று நிர்மலா எழுந்தாள்.

"வேணாம். நீ இரு."

டவுன் பஸ் அன்றைக்குப் பார்த்து ஆட்டுக்கும் மாட்டுக்கும் நின்று நின்று போயிற்று. கல்வராயன் மலைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பாப்பாத்தி முன் சீட்டுக் கம்பியைப் பிடித்த கையை எடுக்கவில்லை. மாரியாத்தா, நான் போறப்ப எம்பொண்ணு வூட்ல இருக்கணும், வேற ஒண்ணும் கேக்க மாட்டேன். இதையேதான் வழியெல்லாம் முணுமுணுத்தாள். கண்டக்டர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

இறங்கினதும் ஓட்டம்தான். இரண்டு பக்கமும் ஆள் உயரக் கரும்பு. காற்றில் சோகை இலை உரசினால்கூட எவனோ கூடவே வருகிற மாதிரி இருந்தது. செருப்பு அறுந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

வாசல் ஈரமண்ணில் பைக் டயர் தடம். வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். ஜன்னல் சாத்தியே இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பலகையில் காதை வைத்தாள்.

உள்ளே எழில்மதி இருமினாள்.

போன உயிர் திரும்பி வந்தது. அப்படியே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பெற்றவளுக்குத்தானே தெரியும் அந்தப் பயம். அப்புறம் எழுந்து முகம் கழுவிக்கொண்டு, கூடத்துக்கு வந்து டிவியைப் போட்டாள். நல்லவேளை, சீரியல் அப்போதுதான் ஆரம்பித்திருந்தது.

மரகதம்மா ஒவ்வொரு படியாய் ஏறினாள். பூட்டைத் தொங்கவிட்டாள். உள்ளேயிருந்து யாழினி கதவைத் தட்டித் தட்டி அழுதாள்.

"கட்டையில போறவளே, ஒனக்கு நல்ல சாவே வராதுடி" என்று பாப்பாத்தி டிவியைப் பார்த்துத் திட்டினாள். "ஐயோ பாவம், பெத்த தாயி ஒருத்தி இருந்தா இந்தக் கொழந்தைக்கு இப்டி ஒரு கதி வருமா?" பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது.

அப்போது பக்கத்து அறைக் கதவைத் தட்டுகிற சத்தமும் கேட்டது.

"யம்மா, கதவத் தொறம்மா" என்றாள் எழில்மதி உள்ளேயிருந்து. "அவன் கூடப் போவ மாட்டேன், சத்தியமா பேசக்கூட மாட்டேன். மத்தியானத்துலருந்து ஒண்ணுக்கு அடக்கிக்கினு கெடக்கறேன். தொறம்மா."

பாப்பாத்தி இடுப்பில் செருகியிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கண் மட்டும் டிவியை விட்டு நகரவில்லை.

"இருடி, விளம்பரம் போடட்டும்."