கேபின் தரை

"அண்ணே, ஒரு நிமிஷம் உள்ள வந்து பாத்துட்டுப் போங்கண்ணே!"

கேபின் வாசலில் நின்று ஐயப்பன் கூப்பிட்டான். காலையிலிருந்து இதே பாட்டுதான். மணிமாறனுக்கு வயிறு எரிந்தது.

மஸ்கட்டில் எத்தனையோ கட்டடங்களுக்கு டைல்ஸ் ஒட்டியவர் அவர். ஐயப்பன் நேற்று முளைத்த பயல். ஆனாலும் சைட் ஆபீஸ் கேபினுக்கு டைல்ஸ் போடும் வேலையை என்ஜினீயர் கௌஸ் முகைதீன் அவனிடம்தான் கொடுத்தார். அதுவும் ஃபோர்மேன் நாற்காலி காலியாக இருக்கும் நேரத்தில். கேம்ப் சமையல்காரன்கூட ஐயப்பனுக்கு இப்போதெல்லாம் கறி கூடுதலாக வைக்கிறான். அதுதான் மணிமாறனுக்குத் தாங்கவில்லை.

"என்ன தொரை, எதுக்குக் கூப்பிட்டீக?"

"தரை பூரா மரப்பலகைண்ணே. மிதிச்சா கிரீச்சுன்னு கத்துற இடத்துல எல்லாம் ஸ்க்ரூ போட்டு இறுக்கிட்டேன். பலகை ஆடுச்சுன்னா மேல டைல்ஸ் விரிசல் விட்டுரும்ல."

"சரி, தண்ணியத் தெளிச்சுட்டு ஒட்ட வேண்டியதுதானே?"

"ஐயோ, மரத்துல தண்ணி பட்டா உப்பிரும்ணே! மேல சிமென்ட் போர்டு அடிச்சுட்டுத்தான் ஒட்டணும். கீழ பலகை ஜாயின்ட் இருக்குற இடத்துலயே மேல போர்டு ஜாயின்டும் வந்துரக் கூடாது. டேப்பை அந்தப் பக்கம் கொஞ்சம் புடிங்கண்ணே, அளவு நீங்களே சொல்லுங்க."

எனக்கே பாடம் நடத்துகிறானே என்று மணிமாறன் பல்லைக் கடித்தார். வேண்டாவெறுப்பாகப் பிடித்தார், ஏதோ ஓர் அளவைச் சொன்னார், கையை உதறிவிட்டுக் கிளம்பினார்.

"அண்ணே, இன்னொரு விஷயம், மரத்துக்கு மேல ஒட்டுனா..." என்று பின்னாலேயே வந்தான் ஐயப்பன். அவர் திரும்பியே பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை ரூவி கடைத்தெருவில் ஆளுயரப் பெட்டி ஒன்றை ஐயப்பன் பேரம் பேசிக்கொண்டிருந்தான். ஃபோர்மேன் ஆனதும் லீவில் ஊருக்குப் போய் ஜம்பமாக இறங்கப் பார்க்கிறான் என்று நினைத்த மணிமாறன், எதிர்க் கடையில் வாங்கிய டீயை அப்படியே வைத்துவிட்டு நடந்தார்.

டைல்ஸ் ஒட்டி முடிந்த பிறகு, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேபினுக்குள் நுழைந்தார். குனிந்து விரல் முட்டியால் தட்டினார். டொக், டொக். எங்கே தட்டினாலும் டப்பா சத்தம்! சிமென்ட் தரையில் இப்படிக் கேட்டால் அடியில் பசை சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

மாட்டினான்டா என்று துள்ளிக்கொண்டு என்ஜினீயரிடம் ஓடினார்.

"சார், யாரு பொழப்பையும் கெடுக்குற ஆளு இல்ல நானு. ஆனா கேபின் தரையைத் தட்டிப் பாருங்க, பூரா டப்பா சத்தம். போட்டவனுக்கு வேலையே தெரியல."

என்ஜினீயர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "போட்டவருக்கா?"

"ஆமா சார். பேரு எதுக்கு, உங்களுக்கே தெரியும். அவன் கையில கரண்டியே குடுக்கக் கூடாது. அவனப் போயி ஃபோர்மேனாக்குனா கம்பெனி மானமே போயிரும்!"

"மரத்து மேல போட்டா அப்படித்தான்யா சத்தம் கேட்கும். அடியில காலி இடம்தானே? இதுகூடவா தெரியாது?"

"இல்ல சார், அந்த ஐயப்பன்..." என்று இழுத்தார் மணிமாறன்.

என்ஜினீயர் பெருமூச்சு விட்டார். "ஐயப்பன் விசாவை கேன்சல் பண்ணிட்டு ஒரேயடியா ஊருக்குப் போறான். 'இந்தத் தரையை அளவு சொல்லி, கூட நின்னு போட்டுக் குடுத்ததே மணிமாறன் அண்ணன்தான் சார், அவரை ஃபோர்மேன் ஆக்குங்க'ன்னு என்னைப் பாக்குறப்பல்லாம் கெஞ்சுனான். நானும் சரின்னுதான் இருந்தேன். போட்டவனுக்கு வேலையே தெரியலன்னு நீங்களே வந்து சொல்றீங்களேய்யா!"