ஈரக்கை

இரண்டாவது டிவியும் புகைந்துபோன பிறகுதான் ஆளைக் கூப்பிட்டார்கள். எலெக்ட்ரீஷியன் ஞானதுரை, விளக்குகள் ஏன் மங்கி மங்கி எரிகின்றன என்று போர்டைத் திறந்து மீட்டரை வைத்துப் பார்த்தார்.

"எங்கயாவது ஷாக் அடிக்குதா சார்?"

"அதெல்லாம் இல்ல," என்றான் கதிரேசன்.

சமையலறையில் மாவு வழித்துக்கொண்டிருந்த அவன் மனைவி வடிவு, "கிரைண்டர்ல அடிக்கும்," என்றாள்.

"எப்ப இருந்தும்மா?"

"இந்த வீட்டுக்கு வந்ததுல இருந்து."

"என்கிட்ட சொல்லவே இல்லையே," என்றான் கதிரேசன்.

"சொன்னேன். செருப்பு போட்டுக்கச் சொன்னீங்க."

ஞானதுரை மீட்டரின் ஒரு முனையைக் கிரைண்டரிலும் மறுமுனையை ஈரத்தரையிலும் வைத்தார். எண் ஏறியதும் ஓடிப்போய் மெயினை அணைத்தார். நியூட்ரல் கம்பி தளர்ந்து கிடந்தது. எர்த் கம்பியை மண்ணுக்குக் கொண்டுபோகாமல் யாரோ அதோடு சேர்த்து முறுக்கி விட்டிருந்ததால், கரண்ட் கிரைண்டரின் உடம்புக்கு ஏறிக்கொண்டிருந்தது.

சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் சரிசெய்து மறுபடியும் அளந்தார். மீட்டர் பூஜ்யம் காட்டியது.

"இனிமே பயமில்லாம தொடலாம்மா."

வடிவு ஈரக்கையைக் கிரைண்டர்மேல் வைத்தாள். இருவரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். அதில் ஒன்றும் இல்லை. கரண்ட் அடித்த நாள்களிலும் அது இப்படித்தான் இருந்தது.

"அடிக்குதா?" என்றான் கதிரேசன்.

"தெரியலைங்க."

அவன் புது டிவியைப் போட்டுப் பார்க்க ஞானதுரையைக் கூடத்துக்கு அழைத்துப் போனான். அங்கே பாட்டு கேட்க ஆரம்பித்தது. எடுக்கச் சொல்ல யாரும் இல்லாததால் அவள் கை கிரைண்டர்மேல் அப்படியே இருந்தது.