முப்பத்திரண்டில் ஒன்று குறைவு

“பழுது மெஷின்ல இல்ல மேடம், ஆள்லதான்,” என்றார் சூப்பர்வைசர், லேசர் மெக்கானிக் தன் பெட்டியைக் கீழே வைப்பதற்குள்.

எட்டு வேலை நாளாக, இரும்புத் தகடு வெட்டும் லேசர் திடீர் திடீரென்று நின்றுகொண்டிருந்தது. காரணம் தெரியவில்லை என்றார் ஆபரேட்டர். இன்றைக்கும் தெரியாவிட்டால் நாளை முதல் வரவேண்டாம் என்று அவரிடம் சொல்லியாகிவிட்டது.

“அண்ணன் நின்னுக்கிட்டே தூங்குவாரு. அதைப் பாத்து மெஷினும் கண்ணசந்துடுது,” என்றாள் பெருக்கும் பெண். ஆபரேட்டரும் சேர்ந்து சிரித்தார்.

மெக்கானிக் திரையிலிருந்த பதிவுகளை ஒவ்வொன்றாகத் தாளில் எழுதிக்கொண்டார். ஒன்றுகூடப் பழுதல்ல. முப்பத்தொரு தடவையும் யாரோ மெஷினை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அழுத்தியிருப்பதாகச் சொன்னார்.

“யாரோ என்ன யாரோ? பக்கத்துல நிக்கிறது இவரு ஒருத்தர்தான். எழுதிக் குடுத்துட்டுக் கிளம்புங்க மேடம்.”



மெக்கானிக் கிளம்பவில்லை. மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் பூட்டைப் போட்டு, சாவியைப் பையில் வைத்துக்கொண்டார். உள்ளே தேங்கிய மின்சாரம் வடியப் பத்து நிமிடம் ஆகும் என்றார். மெஷினில் ஓடும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. இரும்பில் அது போன வழிதான் தெரியும். கண்ணில் பட்டால், பார்வை போன பிறகுதான் பட்டதே தெரியும்.

காத்திருந்த நேரத்தில் தாளை எண்ணினார். காலையில் இரண்டு, மதியத்துக்கு மேல் இரண்டு, தினமும் அதே நேரம்.

“எட்டு நாளுக்கு முப்பத்திரண்டு வரணும். புதன்கிழமை நாலரைக்கு மட்டும் நிக்கலை. அன்னைக்கு என்ன?”



“புதன்கிழமையா? மகளுக்குக் காய்ச்சல்னு நான் மூணு மணிக்கே போயிட்டேன். நாலரைக்குப் பின்பக்கம் குப்பை அள்ள…” பெருக்கும் பெண் பாதியில் நிறுத்திவிட்டாள்.

பத்து நிமிடம் முடிந்தது. மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு மெக்கானிக் மெஷினின் பின்கதவுக்குப் போனார். திறந்தால் மெஷின் தானாக நிற்க வேண்டிய கதவு. அதன் சுவிட்சில் டேப் சுற்றி ஒரு காந்தம் ஒட்டியிருந்தது. கதவு திறந்தே கிடந்தாலும் மூடியிருப்பதாகத்தான் மெஷின் நினைக்கும்.

சூப்பர்வைசர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவசர ஆர்டர் என்று எட்டு நாளைக்கு முன்னால்தான் ஒட்டியதாக முணுமுணுத்தார்.

“அன்னைக்கே சொன்னேன் சார்,” என்றார் ஆபரேட்டர். “பெருக்குறதுக்காக மெஷின் நிக்கும்னா அந்தப் பொண்ணையே நிறுத்திடுவேன்னீங்க. அதான் அது பின்பக்கம் போறப்பெல்லாம் நானே அமுக்கிட்டு, பழியை மெஷின் மேல போட்டேன்.”

பெருக்கும் பெண் அந்தச் சிவப்புப் பொத்தானையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மெக்கானிக் படிவத்தை நிரப்பினார். பழுது: பின்கதவில் காந்தம். ‘சரிசெய்தவர்’ என்ற இடத்தில் தன் பெயரை எழுதப் போனவர், பேனாவைத் தூக்கிக்கொண்டு சற்று யோசித்தார். பிறகு எழுதினார்:

‘ஆபரேட்டர். முப்பத்தொரு தடவை.’