கழுத்தளவு

மலைக் கணவாயில் வைத்து அந்த வெள்ளைக்காரக் கிழவி அண்ணனின் பெயரைச் சொன்னார்.

கேதீஸ்வரன்.

நிறுத்தி நிறுத்தி. பிழையில்லாமல்.

அவள் தண்ணீர்ப் போத்தலை வாயிலிருந்து எடுத்தாள்.

கிழவியின் பெயர் ஒடீல். அவளுடைய தோழி துஷியின் அடுத்த வீட்டுக்காரர். காலையில் அடிவாரத்து ஓடையில் ஒரு கல்லைப் பொறுக்கி அவள் கையில் வைத்திருந்தார். மேலே கொண்டுபோக வேண்டுமாம். மலையேறுகிறவர்களின் வழக்கம் என்று நினைத்து, பையின் அடியில் தள்ளிக்கொண்டாள்.

நான்கு மணி நேரம் சுமந்தாள்.

இப்போது எதிரே முழங்கால் உயரத்துக்குக் கற்குவியல். ஒடீல் தன் கல்லை அதன்மேல் வைத்தார். அவருடைய கணவர் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தன் கல்லை வைத்தார்.

பிறகு இருவரும் துஷியைக் கட்டிப்பிடித்தார்கள்.

துஷியை.

"என்னடி இது?"

துஷி நிலத்தைப் பார்த்தாள்.

"என்ர அண்ணான்ர பேர் இவைக்கு எப்பிடித் தெரியும்?"

"கத்தாதை. அவைக்கு விளங்கும்."

"தமிழோ விளங்கும்?"

"கத்துறது விளங்கும்."

அவள் டொரோண்டோவிலிருந்து ஒரு கிழமை விடுமுறையில் வந்திருந்தாள். பள்ளிக்கூடத் தோழி, பிரான்சில், பிரனீஸ் மலையடியில், இருபது வீடுகள் உள்ள ஊரில் தனியாக இருக்கிறாள் என்று. மூன்று நாளாகத் துஷி இடியப்பம் அவித்தாள். தேங்காய் இல்லாத சம்பலுக்கு மன்னிப்புக் கேட்டாள். நாளைக்குச் சும்மா ஒரு நடை, ஒடீலும் வருவா என்றாள்.

மூன்று நாள் இருந்தது இதைச் சொல்ல.

"கேஸுக்குச் சொன்னனான்," என்றாள் துஷி. "அகதிக் கேஸுக்கு. என்ர அண்ணா எண்டு."

துஷிக்கு அண்ணன் இல்லை. தம்பியும் இல்லை. நாலு அக்காமார்.

"விசாரணைக்கு ஒடீல்தான் காரில கூட்டிக்கொண்டு போனவ. பக்கத்தில இருந்து எல்லாம் கேட்டவ. அடுத்த வருசம் அதே நாளில இங்கை வந்து முதல் கல்லை வைச்சா. பிறகு ஏறேக்கையெல்லாம் வைக்கினம். நான் வைக்கச் சொல்லேல்லை."

"என்ன சொன்னனீ அவையளுக்கு?"

துஷி சொன்னாள்.

தேதி சரி. ஏற்றிக்கொண்டு போன வெள்ளை வான் சரி. அண்ணன் உடுத்திருந்த நீலச் சாரம் சரி. அன்று காலை வாசல் படலையில் துஷியும் நின்றாள்.

"பிறகு?"

"ரெண்டாம் நாள் பிரேதம் கிடைச்சது எண்டு."

கிடைக்கவில்லை. பதினேழு வருடமாகக் கிடைக்கவில்லை.

வவுனியாவில் அம்மா இந்நேரம், காணாமற்போனவர்களின் தாய்மார் போராடும் கொட்டகைக்குள் அண்ணனின் படத்தோடு உட்கார்ந்திருப்பாள். மரணச் சான்றிதழ் தருகிறோம் என்று வந்தவர்களைப் படலையைத் திறக்காமலே அனுப்பியவள். மகள் எந்த ஊருக்குப் போனாலும் அண்ணனுக்கு ஒரு சட்டை வாங்க வேண்டும். கழுத்தளவை அம்மாதான் சொல்வாள். அண்ணன் போகும்போது பதினைந்து. இப்போது பதினாறரை. நாற்பது வயதில் ஆம்பிளைகளுக்குக் கழுத்துப் பருக்கும் என்பாள்.

நேற்றுச் சந்தையில் வாங்கியது இன்னும் பையிலேயே இருந்தது.

"உயிரோடை இருக்கிற மனுசனைச் சாக்காட்டிப்போட்டாய்."

"எனக்கு நடந்ததைச் சொல்லத்தான் போனனான்." துஷியின் குரல் உயரவில்லை. "மொழிபெயர்க்க வந்து இருந்தது எங்கட ஊர் வாத்தியாரடி. அந்தாளுக்கு முன்னால எதை நான் சொல்ல?"

"அதுக்கு என்ர அண்ணாதானோ கிடைச்சார்?"

"வேறை ஆர் எனக்கு இருந்தது?"

துஷிக்கு என்ன நடந்தது என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

இப்போதும் கேட்கவில்லை.

ஒடீல் அவளிடம் திரும்பி ஏதோ கேட்டார்.

"உனக்கும் அவரைத் தெரியுமோ எண்டு கேக்கிறா."

"சொல்லு. நான் ஆர் எண்டு சொல்லு."

துஷி ஒரு சொல்தான் சொன்னாள். ஒடீல் அவளுடைய கையைப் பிடித்து அழுத்தினார்.

"என்ன சொன்னனீ?"

"தெரியும் எண்டு."

அவள் கையை உருவிக்கொண்டாள். குவியலின் முன்னால் முழந்தாளிட்டாள். மேலே இருந்த கல்லை எடுத்துச் சரிவில் எறிந்தாள்.

அது விழுந்து உருளும் சத்தம் நெடுநேரம் கேட்டது.

அடுத்த கல். அடுத்தது. நகம் பிய்ந்தது. வாய்க்குள் மண் கரகரத்தது.

பக்கத்தில் ஒரு நிழல் குனிந்தது.

ஒடீல் ஒரு கல்லை இரண்டு கையாலும் எடுத்தார். குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு விளிம்புவரை நடந்தார். மெல்ல விட்டார். திரும்பி வந்தார். கணவர் இன்னொன்றை எடுத்தார்.

தமிழ் ஆட்களின் சடங்கு என்று நினைத்திருக்க வேண்டும்.

"தொடவேண்டாம் எண்டு சொல்லு அவையளுக்கு."

துஷி சொல்லவில்லை. அவளும் ஒரு கல்லை எடுத்திருந்தாள்.

நான்கு பேருமாக எடுத்தார்கள்.

குவியல் முடிந்தது. அது இருந்த இடத்தில் புல் வெளிறி, வட்டமாக, அமுங்கிக் கிடந்தது.

ஒடீல் மூச்சு வாங்கினார். துஷியிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"என்னவாம்?"

"இனி என்ன செய்யவேணும் எண்டு கேக்கிறா. எங்கட முறைப்படி."

மூன்று பேரும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கணவர் தொப்பியை இன்னும் போடவில்லை.

அவள் பையைத் திறந்தாள்.

மேலே சட்டை இருந்தது. அதன் அடியில் கல்.