பதினாறாவது குழி

அவர் பையின் பக்க ஜிப்பைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"சீப்பு வச்சியா?"

வைத்திருந்தேன். எடுத்துக் காட்டினேன்.

தலையை ஆட்டிவிட்டு டீயைக் குடித்தார். வலக்கை கறுத்திருந்தது, இடக்கை வெளுத்திருந்தது. கோல்ஃபில் கையுறை ஒரு கைக்குத்தான்.

அன்று திங்கட்கிழமை. ராஞ்சிக்கு ரயில். அந்த வருடத்தின் கடைசிப் போட்டி.

அதற்கு முன் பதினான்கு ஊர்கள்.

வியாழனும் வெள்ளியும் எல்லோரும் ஆடுவார்கள். வெள்ளி மாலை பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்குக் கட் என்று பெயர். தப்பித்தவர்கள் ஞாயிறு வரை ஆடுவார்கள்.

தப்பித்தால் அவர் கூப்பிடமாட்டார். சொன்னால் நழுவிவிடும் என்று ஒரு பயம்.

தப்பாவிட்டால் நாலு மணி வாக்கில் கூப்பிடுவார்.

"கெளம்புறேன்."

அவ்வளவுதான்.

அந்த வருடம் பதினோரு வெள்ளிக்கிழமைகளில் அந்த ஒரு சொல்லைக் கேட்டேன். ஜெய்ப்பூரிலிருந்து. அகமதாபாதிலிருந்து. கொல்கத்தாவிலிருந்து இரண்டு தடவை. நான் "சரி" என்பேன். ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்குவார். சட்டைகளை ஊறவைப்பேன். காய்வதற்குள் அடுத்த ரயில் வந்துவிடும்.

தரவரிசையில் முதல் அறுபது பேருக்குத்தான் மறுவருடம் இடம். அவர் அறுபத்து மூன்றாவது இடத்தில்.

ராஞ்சியில் கட் தாண்டினால் போதும். தாண்டாவிட்டால் நிறுத்திவிடுவதாகச் சொல்லியிருந்தார். வயது நாற்பத்து நான்கு. வேறு வேலை எதுவும் தெரியாது.

வெள்ளிக்கிழமை மூன்றரைக்கே போனைக் கட்டிலில் கவிழ்த்துப் போட்டேன். மகள் தாரிகா அதன்மேல் தலையணையை வைத்தாள்.

நாலு.

நாலேகால்.

போன் அடித்தது. தலையணையை விலக்கிப் பார்த்தேன். தெரியாத எண்.

"எடுக்காதம்மா. அப்பாதான் யார்கிட்டயாவது வாங்கிப் பேசுவாரு."

"அவர் போன் எங்கடி போச்சு?"

"சார்ஜ் போட்டிருக்க மாட்டாரு. எடுத்தியோ, கட் போச்சு."

எடுக்கவில்லை. மூன்று முறை அடித்து ஓய்ந்தது.

ஐந்து மணிக்குத் தாரிகா கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மிஸ்டர் கெளம்புறேன் இன்னைக்குக் கெளம்பலம்மா."

சிரித்தோம். அந்த வருடம் எங்கள் வீட்டில் அப்படி யாரும் சிரித்ததில்லை. ரவையை வறுக்கப் போட்டேன்.

வாசலில் கேட் சத்தம் கேட்டது. ஜெயசீலனின் மனைவி. ஜெயசீலன் அவரோடு ஊர் ஊராகப் போய் ஆடுகிறவர். ராஞ்சியில் அன்று இருவரும் ஒரே குழுவில் சேர்ந்து ஆடினார்கள்.

அவள் செருப்பைக் கழற்றவில்லை.

"ஏங்க்கா போன எடுக்கல?"

பதினாறாவது குழியிலிருந்து பந்தை எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை.

மைதானத்துக்குள் போன் கொண்டுபோவதில்லை. ஆம்புலன்ஸ்காரருடைய போனிலிருந்துதான் ஜெயசீலன் கூப்பிட்டிருக்கிறார். என் எண் அவருக்கு மனப்பாடம் இல்லை.

எண்ணைச் சொன்னது என் கணவர்.

முதல் முறை அடித்தபோது போன் அவர் காதில் இருந்ததாம்.

தாரிகாவுக்கு இதைச் சொல்லவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் ஜெயசீலன் வந்தார். கோல்ஃபில் ஒருவர் ஆட்டத்தை அவரே குறித்துக்கொள்வதில்லை, கூட ஆடுகிறவர்தான் குறிப்பார். என் கணவரின் அடிக்கணக்கு எழுதிய அட்டை ஜெயசீலனின் சட்டைப்பையிலேயே இருந்திருக்கிறது. இரண்டு கைகளாலும் நீட்டினார்.

நான் எண்களைப் பார்த்தேன். வியர்வையில் மை கொஞ்சம் ஊறியிருந்தது.

நான் கேட்டது ஒன்றுதான். கட் எதில் விழுந்தது?

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"மூணுல, அண்ணி."

இரண்டு நாளும் சேர்த்து, விதித்த அடிக்கணக்கைவிட மூன்று அடி கூடுதலாக ஆடியவர்கள் வரை தப்பித்துவிட்டார்கள்.

அட்டையில் பதினாறு கட்டங்கள் நிரம்பியிருக்கின்றன. இரண்டு காலி.

அவர் ஒரே ஒரு அடி கூடுதலில் இருக்கிறார்.