இழுக்காத கயிறு

கங்கைகொண்டான் பம்பு தொழிற்சாலையில் தலைக்குமேல் ஒரு சிவப்புக் கயிறு தொங்குகிறது. கோளாறைக் கண்டவர் யாரானாலும் அதை இழுத்து வேலையை நிறுத்திவிடலாம். இன்ஜினீயர் சித்ரலேகா ஜப்பானுக்குப் போய்ப் படித்துவந்து கட்டிய முறை. ஆயுத பூஜைக்குத் தடவிய சந்தனம் அதில் அப்படியே காய்ந்திருக்கிறது. இழுத்த கை ஒன்றுகூட இல்லை. விரிசல் விட்ட மூடி ஒன்று குழல்விளக்கு வெளிச்சத்தில் மினுங்கிக்கொண்டு பெல்ட்டில் நகர்கிறது. பெல்ட்டோரம் வேலைசெய்யும் ஜோஷுவா அதைப் பார்க்கிறான். சூப்பர்வைசர் சுடலைமுத்துவின் முகத்தைப் பார்க்கிறான். கையைச் சட்டையில் துடைத்துக்கொள்கிறான். "ஏம்ப்பா இழுக்கல?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்கிறாள் சித்ரலேகா. "அண்ணாச்சி நிக்காவல்லா மேடம். அவிய இருக்கையில நான் எப்படி இழுக்க? பைய காதுல சொல்லிருதேன்." அவன் சொல்லி முடிப்பதற்குள் விரிசல் விட்ட அடுத்த மூடியும் கடந்துபோகிறது. எத்தனை கூட்டம் போட்டுச் சொன்னாள், தொண்டைத்தண்ணி வற்ற.

ஜெனரல் மேனேஜரோடு சுற்றிவரும் ஜப்பானிய அதிகாரி அவள் முன் நிற்கிறார். கயிற்றை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஏதும் சிக்கல் உண்டா?" என்று கேட்கிறார். காலையிலிருந்து முட்டிக்கொண்டிருப்பதெல்லாம் அவள் நாக்குவரை வருகிறது. ஜெனரல் மேனேஜரின் முகத்தைப் பார்க்கிறாள். கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொள்கிறாள்.

"ஒண்ணுமில்ல சார்."